அடுக்களைக்கு ஒரு சூரிய விளக்கு

சோலார் என்றாலே லட்சக்கணக்கில் செலவு, நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். கூரை முழுக்கத் தகடு பரப்புவது ஒன்று. கரண்டு போன ராத்திரியில் அடுக்களையும் குழந்தை படுக்கும் அறையும் இருண்டு போகாமல் பார்த்துக்கொள்வது வேறு. இரண்டாவதை நாமே செய்துகொள்ளலாம். பத்மநாபபுரத்தில் எங்கள் வீட்டில் நானும் மூத்த மகனுமாகச் செய்தோம்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு கிடையாது. கைக்குழந்தைக்காரிகள் பட்ட பாடு சொல்லி மாளாது.

பலர் அறியாத விஷயம் ஒன்று: மின்வாரிய இணைப்போடு சேர்ந்த, பேட்டரி இல்லாத கூரை சோலார், ஊரில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும்தான்! கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதல்லவா? பில் குறைய அது நல்ல ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று மானியமும் அறிவித்தார்கள். ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்தார்தான் பொருத்தவேண்டும். அதில் நாம் கை வைக்கவே வேண்டாம்.

நம் கைவேலைக்கு 100 வாட் தகடு, 12 வோல்ட் 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர், ஃபியூஸ், 12 வோல்ட் எல்.இ.டி. பல்புகள் போதும். நல்ல வெயில் நாளில் சுமார் 300 வாட்-ஹவர் கிடைக்கும். 9 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரம் எரிய 135. 25 வாட் டி.சி. ஃபேன் அதே நேரம் ஓட 125. மிக்ஸி, ஃபிரிட்ஜ் ஆசையெல்லாம் வேண்டாம்!

எங்கள் ஊரில் பெரிய எதிரி தென்னை ஓலை. தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட மின்சாரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். "ஏ மக்ளே, மூணு மணிக்கு இங்க நெழலு விழுகுல்லா, தள்ளி வை" என்று மாமியார்தான் இடம் குறித்துக் கொடுத்தார். ஓட்டுக் கூரையில் ஏறாதீர்கள்; ஓடும் உடையும், காலும் உடையும். குளியலறையின் கான்கிரீட் தளத்தில், வெல்டிங் கடையில் செய்த இரும்புச் சட்டத்தை போல்ட் அடித்து இறுக்கினோம். தெற்குப் பார்த்து 10 டிகிரி சரிவு இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும்.

தகட்டைக் கனத்த போர்வையால் மூடிவிட்டுத்தான் ஒயரைத் தொடவேண்டும். வெயில் பட்டால் அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு. பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ். வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள்; தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள் இருக்கட்டும். இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் பொறி பறக்கும்.

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே அடுப்பருகிலோ பூஜையறையிலோ வைக்காமல், காற்றோட்டமாக, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். பாதிக்கு மேல் தீரவிடாமல் இருந்தால் பேட்டரி நெடுநாள் உழைக்கும்.

எங்களுக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வானம் மூடிக்கொண்டால் ஃபேனை நிறுத்திவிட்டு அடுக்களைப் பல்பை மட்டும் எரிப்போம். 5 மணி நேரத்துக்கு 45 வாட்-ஹவர்தானே? நிறைந்த பேட்டரி வெயிலே இல்லாமல் ஒரு வாரம் தாங்கும்.