தோளில் போனவரும் நடந்து வந்தவளும்

உறையூரிலிருந்து காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். டவுன் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். திருப்பாணாழ்வாருக்கு அந்தத் தூரம் ஒரு ஆயுள்.

குருபரம்பரைக் கதை தெரிந்ததுதான். பாணர் தென்கரையில் யாழோடு நிற்கிறார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். பாட்டில் கிடப்பவருக்குக் கேட்கவில்லை. கல் விழுகிறது. ரத்தம் பெருமாள் நெற்றியில் வழிகிறது. தோளில் தூக்கி வரச் சொல்லி முனிவருக்கு உத்தரவு. பாணர் வருகிறார், பத்துப் பாசுரம் பாடுகிறார், திருவடியில் கலந்துவிடுகிறார்.

சாதியை உடைத்த கதை என்று இதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கொஞ்சம் நின்று வாசிப்போம். அவர் பாணர் வீட்டில் பிறக்கவில்லையாம், வயலில் கண்டெடுத்து வளர்த்தார்களாம். பிறப்பைக் கழுவியாச்சு. தோளில் வந்ததால் அவர் கால் ஸ்ரீரங்க மண்ணில் படவேயில்லை. தீட்டு விதியும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. கடைசியாக, உள்ளே போனவர் வெளியே வரவில்லை. வந்து தன் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒருவரைப் புனிதராக்கிய கதையாடல் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துகிறது.

இது வைணவத்தின் தனிச்சொத்து அல்ல. 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையைப் பாருங்கள். 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்கிற அதன் ஊழியர் மெட்ராஸ் வரைக்கும் வந்து பிரசங்கம் செய்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே தலைவர் பிரிகாம் யங், கறுப்பருக்குக் குருத்துவம் கிடையாது என்று பகிரங்கமாக அறிவித்தார். 1836இலேயே குருப்பட்டம் பெற்ற எலைஜா ஏபல் என்ற கறுப்பர் அப்போது உயிரோடு இருந்தார்.

ஜேன் மேனிங் என்ற கறுப்புப் பெண் 1843இல் குடும்பத்தோடு சபையைத் தேடிக் கிளம்பினாள். பஃபலோவில் படகில் ஏற்றவில்லை. சுமார் 800 மைல் நடந்தார்கள். பாதம் வெடித்து ரத்தம் தரையில் பதிந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஸ்மித் வீட்டில் வேலைக்காரியானாள். பிறகு கோயில் சடங்குகளுக்காகத் திரும்பத் திரும்ப மனுப் போட்டாள். 1894இல் ஒரு சடங்கு செய்தார்கள்: மறுமையிலும் அவள் ஸ்மித்தின் பணியாள்! அதற்கும் அவளை உள்ளே விடவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் அவள் சார்பில் நின்றாள். 1908இல் ஜேன் செத்துப்போனாள். தடை நீங்கியது 1978இல். இன்று அவள் சபையின் பெருமைக்குரிய முன்னோடி!

ஒரு வித்தியாசம் உண்டு. ஜேன் தன் கதையைத் தானே சொல்லி எழுதவைத்தாள். வெடித்த பாதம் அதில் இருக்கிறது. பாணரின் பத்துப் பாசுரம் நம்மிடம் இருக்கிறது; அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2018இல் ஹைதராபாத்தில் ஒரு அர்ச்சகர் தலித் பக்தர் ஒருவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் போனார். நல்லெண்ணம்தான். ஆனால் வாசல் இருக்கும்போது தோள் எதற்கு? 2021இல் பிற சாதியினரை அர்ச்சகராக்கியபோது, திருச்சிக்குப் பக்கத்து வயலூர் நியமனம் கோர்ட் படியேறியது. தூக்கிச் சுமப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. நடந்து வந்து உரிமை கேட்டால்தான் வழக்கு.

கோயிலையும் சபையையும் மட்டும் சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. நம் இயக்கங்களின் மேடையிலும் மலரிலும் நாம் தோளில் தூக்கிவைத்திருக்கிற அந்த ஒருவர் யார்? அவர் தெருவிலிருந்து எத்தனை பேர் தாமாக நடந்து உள்ளே வந்திருக்கிறார்கள்?