வங்கிக்கு விடுப்பு! தொழிலாளிக்கு அழைப்பு!

கட்டிடம் சொல்லாமல் விழுவதில்லை, தோழர்களே! சொல்லித்தான் விழுகிறது. கேட்க வேண்டியவன் காதில்தான் ஏறுவதில்லை.

வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அருகே சவார் என்றோர் ஊர். அங்கே நின்றது ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டிடம். கீழே கடைகள், ஒரு வங்கிக் கிளை. மேலே ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள். 2013 ஏப்ரல் 23ஆம் நாள் தூண்களில் விரிசல் கண்டது. பொறியாளர் வந்தார், பார்த்தார், ஆபத்து என்றார். ஆட்கள் வெளியேறினர்.

ஆக, அபாயம் தெரியாமல் போய்விடவில்லை. மறுநாள் நடந்ததென்ன? வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாமென்று சொல்லிவிட்டது. கடைகள் மூடிக் கிடந்தன. தையல் தொழிலாளர்களுக்கு மட்டும் அழைப்பு! வராவிட்டால் சம்பளம் இல்லை என்ற மிரட்டல்! ஒரே கட்டிடம், ஒரே விரிசல். தீர்ப்பு மட்டும் இரண்டு! ஐந்து ஆலைகளில் ஒன்றிலும் சங்கமில்லை. "உள்ளே போக மாட்டேன்" என்று தனியொருத்தி எப்படிச் சொல்வாள்?

காலை ஒன்பது மணி நெருங்கும் நேரம். மின்சாரம் நின்றது. மேல்மாடி ஜெனரேட்டர்கள் உறுமின. சில நிமிடங்களில் கட்டிடம் சரிந்தது. மாண்டோர் 1,134 பேர், பெரும்பாலோர் பெண்கள்.

கடைக்கும் அலுவலகத்துக்குமாகக் கட்டிய கட்டிடம் அது. அனுமதிக்கு மேல் மாடி எழுப்பினார்கள். இயந்திரங்களையும் துணிமூட்டைகளையும் அதன் தலையில் ஏற்றினார்கள். தணிக்கையாளர் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள்! மேல்நாட்டு வியாபாரிகளுக்காக வந்தார்கள், காகிதம் நிரப்பினார்கள். தூண் தாங்குமா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். நல்ல தணிக்கை!

பிணக்குவியலைக் கண்ட பிறகே, அந்த ஆண்டு மே மாதத்தில், உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை வாங்கும் கம்பெனிகளும் தீ, கட்டிடப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு. சுயேச்சைப் பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போய்த் தூணையும் பாரத்தையும், மின்கம்பியையும் வெளியேறும் வழியையும் பார்த்தார்கள். அறிக்கையை முதலாளியின் மேஜையில் புதைக்காமல் ஊரறிய வெளியிட்டார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் வேலைக்கு மறுக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டது.

2014 அக்டோபருக்குள் சுமார் 1,100 ஆலைகளைப் பார்த்து முடித்தார்கள். கண்டெடுத்த குறைகள் 80,000க்கு மேல். குறையற்ற ஆலை ஒன்றுகூட இல்லை.