ஸ்கேன் படங்கள் திறக்கவில்லையா? ‘ஃபார்மட்’ பொத்தானைத் தொடாதீர்கள்

மேல்சிகிச்சைக்காகவோ இரண்டாவது மருத்துவரின் கருத்துக்காகவோ வேறு மருத்துவமனைக்குச் செல்வோர், தங்கள் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களைப் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ எடுத்துச் செல்வது இன்று பெருகிவருகிறது. இது நல்ல வழக்கம். ஒரு கட்டி வளர்ந்துள்ளதா, சுருங்கியுள்ளதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதியாகக் கூற இயலும். எழுத்து வடிவிலான அறிக்கை மட்டும் அதற்குப் போதாது. படம் தொலைந்தால் மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாம். செலவு கூடும், சி.டி. எனில் கதிர்வீச்சும் கூடும். ஆயினும் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்த நிலையை இன்றைய ஸ்கேன் காட்டாது.

ஏன் திறப்பதில்லை?

ஒவ்வொரு டிரைவிலும், எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பதைக் குறித்துவைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கோப்பு முறைமை என்பர். விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறைமையையும், மேக் கணினிகள் ஏபிஎஃப்எஸ் முறைமையையும் பயன்படுத்துகின்றன. என்டிஎஃப்எஸ் டிரைவில் உள்ளதை மேக் கணினி படிக்கும். ஆனால் அதில் புதிதாக எதையும் எழுதாது. மேக்கிற்காக அமைத்த டிரைவையோ, தனி மென்பொருள் இன்றி, விண்டோஸ் படிக்கவே படிக்காது.

அப்போது விண்டோஸ், “இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்” என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டும். மேக் கணினியும் தனக்குப் புரியாத டிரைவைக் கண்டால் ‘இனிஷியலைஸ்’ என்ற பொத்தானைக் காட்டும். இரண்டும் டிரைவை அழித்துப் புதிதாக அமைப்பதற்கான வழிகளே. டிரைவ் பழுதாகிவிட்டது என்று கருதி அவற்றை அழுத்த வேண்டாம். டிரைவை வெளியே எடுத்து, படங்களைப் பதிந்த அதே வகைக் கணினியில் இணைத்துப் பாருங்கள்.

தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால், அந்த டிரைவில் அதன்பின் எதையும் பதியாதீர்கள். பல நேரங்களில் வல்லுநர் உதவியுடன் மீட்க வாய்ப்புண்டு. ஸ்கேன் எடுத்த மையத்தையும் உடனே அணுகிப் பிரதி கேளுங்கள்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான முறைமை

புதிய டிரைவ் வாங்கினால், அதை எக்ஸ்ஃபேட் முறைமையில் அமைத்துக்கொள்வது சிறந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006-இல் அறிமுகப்படுத்திய இம்முறைமையை இன்றைய விண்டோஸ், மேக் கணினிகள் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. அண்மைக் கால லினக்ஸ் கணினிகளும் அவ்வாறே. பழைய ஃபேட்32 முறைமையும் எங்கும் திறக்கும். ஆனால் 4 ஜி.பி.யை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. எந்த முறைமைக்கு மாற்றினாலும் டிரைவில் உள்ளவை அழியும். எனவே, வெற்று டிரைவில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

டிரைவ் திறந்தும் படம் திறக்காவிடில்

ஸ்கேன் படங்கள் சாதாரணப் புகைப்படங்கள் அல்ல. ‘டைகாம்’ என்னும் மருத்துவத் தர வடிவில் உள்ளவை. ஒரு சி.டி. படத்துண்டு ஏறக்குறைய அரை எம்.பி. அளவிருக்கும், 1,000 துண்டுகள் சேர்ந்தால் 500 எம்.பி. ஆகும். அவற்றுடன் தரப்படும் பார்வை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் இயங்கும். அதனால் வீட்டிலுள்ள மேக்கில் படம் தெரியாமற்போகலாம். படம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. மருத்துவரிடம் உரிய மென்பொருள் இருக்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• கோப்புறையை முழுவதுமாக நகலெடுங்கள். சில கோப்புகளை மட்டும் தெரிவு செய்வதோ பெயர் மாற்றுவதோ கூடாது.

• ‘இஜெக்ட்’ கொடுத்த பின்னரே டிரைவைப் பிடுங்குங்கள். எக்ஸ்ஃபேட் டிரைவில் இது மிகவும் தேவை. எழுதும்போது இடையில் துண்டித்தால் கோப்புகள் சிதையக்கூடும்.

• இரண்டு பிரதிகள் வையுங்கள். ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

• விண்டோஸின் பிட்லாக்கர் கொண்டு பூட்டிய டிரைவ் மேக் கணினியில் தானாகத் திறக்காது. பூட்டாத டிரைவெனில் கைவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ளுங்கள். படங்களுடன் நோயாளியின் பெயர் உள்ளிட்ட விவரங்களும் பதிந்திருக்கும்.

• வைரஸ் அச்சத்தால் சில மருத்துவமனைகள் வெளி டிரைவை அனுமதிப்பதில்லை. முன்னரே தொலைபேசியில் கேட்டு, தேவையெனில் குறுந்தகடும் பெற்றுக்கொள்ளுங்கள்.

• அச்சிட்ட அறிக்கையை எப்போதும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

இறுதியாக ஒன்று: நெஞ்சுவலி, திடீரெனக் கைகால் செயலிழத்தல் போன்ற அவசர நிலைகளில் டிரைவைத் தேடிக் காலம் தாழ்த்த வேண்டாம். முதலில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். படங்களை உறவினர் ஒருவர் பின்னர் எடுத்து வரலாம்.