கொடுக்கக் கற்றுக்கொள்வோம்

பொருள் ஈட்டும் வழியைக் கற்பிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. அப்பொருளை எவ்வாறு கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, பெற்றதற்கு எவ்வாறு நன்றி கூறுவது என்பவற்றைக் கற்பிக்க, நம் இல்லங்களில் உள்ள பாட்டி தாத்தாவே சிறந்த ஆசிரியர்கள்.

முதலில், அன்பளிப்பு என்பது யாது? நம் ஊர்த் திருமணங்களில் 101, 501 என்று ஒரு ரூபாய் கூட்டி மொய் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். வீட்டிலுள்ள பழைய மொய் நோட்டைப் பாட்டி விரித்துக் காட்டினால், அதுவே நமக்கு ஒரு பாடநூல். ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவை உற்றார் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு அது. ஆயினும், பெற்றதைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களில் மொய்க்கென்றே ஆடி மாதத்தில் விருந்து வைப்பதுண்டு. மொய்யைத் திருப்பிச் செய்வதற்காகக் கடன்படும் குடும்பங்களும் உண்டு. ஆகவே மொய் வேறு, அன்பளிப்பு வேறு. மொய்க்குக் கணக்கு உண்டு. அன்பளிப்புக்குக் கணக்கு இல்லை.

கணக்கு இல்லை என்பதால், வரவு பாராமல் செலவிடலாம் என்பது பொருளன்று. திரும்பி வரப்போவதை எண்ணக் கூடாது. கையில் இருப்பதை எண்ணியே ஆகவேண்டும்.

பண்டிகைக்குப் பெரியோர் தந்த 300 ரூபாய் ஒரு சிறுமியிடம் இருப்பதாகக் கொள்வோம். 100 ரூபாய் உண்டியலுக்கு. 50 ரூபாய் தன் தேவைக்கு. மீதி 150 ரூபாய் பிறருக்கு. தாத்தாவுக்குக் கைக்குட்டை 40, அம்மாவுக்கு மல்லிகைப்பூ 30, தம்பிக்கு வண்ணப் பென்சில் 30, நோயுற்றிருக்கும் அண்டை வீட்டு ஆச்சிக்குப் பழங்கள் 50. கணக்கு சரியாயிற்று. தம்பியோ 400 ரூபாய்ப் பொம்மை கேட்டு அழுகிறான். அப்போது பாட்டி இரகசியமாகப் பணம் சேர்த்துக் கொடுத்தால், கற்பித்த பாடம் வீணாகிவிடும். "அடுத்த பண்டிகைவரை சேர்த்து வை, கண்ணு" என்று சொல்வதே அன்பு. உண்டியல் நிறைந்தால் அஞ்சலகம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைபெற்றுவரும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில், 10 வயது நிறைந்த பிள்ளைகள் தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம்.

காசே இல்லாத பிள்ளை என்ன செய்வாள்? பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துத் தரலாம். தாத்தாவுக்கு நாளிதழ் படித்துக் காட்டலாம். இவையும் அன்பளிப்புகளே. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். தக்க காலத்தில் செய்த உதவி சிறிதாயினும் உலகினும் பெரிது என்பது அங்கே வள்ளுவர் காட்டும் அளவுகோல். விலைச்சீட்டுக்கு அதில் இடமில்லை.

இனி, பெறுபவர் கடமை. தந்தவர் எதிரில் விலை கேட்பதும், பிடிக்கவில்லை என முகம் சுளிப்பதும் ஆகா. "நன்றி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், "மாமா, நீங்கள் தந்த பேனாவால்தான் தேர்வு எழுதினேன்" என்று ஓர் அஞ்சல் அட்டை எழுதினால், தந்தவர் உள்ளம் குளிரும். பெரியோருக்கும் இதில் பங்குண்டு. பேத்தி சேமித்து வாங்கித் தந்த கைக்குட்டையை, "எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று பெட்டியில் வைத்துப் பூட்டாமல், மறுநாளே தாத்தா சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். நன்றியைப் பிள்ளைகள் பார்த்தே பழகுகிறார்கள்.

அளவறிந்து கொடுப்போம், அன்புடன் பெறுவோம், நன்றி மறவாதிருப்போம்!