கணக்கு முடிந்தது, காகிதம் போய்ச் சேரவில்லை

கல்லாறு: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தி, உருண்டைக் கற்களுக்கிடையே ஓடும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டுதான் மேலே ஏறுவது வழக்கம். மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். மொபைலில் ‘ரேஞ்ச்’ இல்லை என்பது சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு நிம்மதி. மலையடிவாரத்திலேயே குடியிருந்து, பிள்ளைகளை ஆன்லைனில் கணிதம் படிக்க வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் நுழைந்த ஆன்லைன் வகுப்பு, பள்ளிகள் திறந்த பிறகும் முழுதாக வெளியேறிவிடவில்லை. டியூஷன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பாடத்தோடு நேரம் குறித்த தேர்வும் உண்டு. வினாத்தாள் போனில் வரும். விடையைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, கெடு முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

டைப் செய்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். வரலாற்றுப் பாடத்துக்கு அது சரி. பின்னத்துக்குள் பின்னம், வர்க்கமூலம், தொகையீட்டுக் குறி, அணிக்கோவை என்று வருகிற கணக்கைப் போனில் தட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று வைத்துவிட்டாலோ, படிப்படியாகப் போட்டு கடைசி வரியில் தவறியவனுக்கும் ஒன்றுமே தெரியாதவனுக்கும் ஒரே பூஜ்யம்தான். ஆகவே கணிதத்துக்குக் கையெழுத்தைவிட்டால் வேறு வழி கிடையாது.

கேரள அரசு 2020 ஜூன் 1-ல் கைட் விக்டர்ஸ் டெலிவிஷனில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. ஆனால் பொதுத் தேர்வை வீட்டுக்கு அனுப்பவில்லை. நின்றுபோயிருந்த எஸ்.எஸ்.எல்.சி. கணிதத் தேர்வை அதற்கு முன்பே, மே 26-ல், முகக்கவசத்தோடு பள்ளிக்கு வரவழைத்தே நடத்தி முடித்தார்கள். பலரும் அன்று குறை சொன்னார்கள். ஒன்று மட்டும் உறுதி: மணி அடித்ததும் தாளை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஆசிரியர் நின்றார்.

அகப்பட்டுக்கொண்டவர்கள் எல்லை தாண்டி, நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகள். அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் கேமரா கண்காணிப்போடு கொள்குறி வினாத் தேர்வு நடத்தியது. முடிவுகள் பெரும் சர்ச்சையாகி, மறுதேர்வு வைக்க நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் மறுபடியும் ஆன்லைன் தேர்வு வந்தபோது, வீட்டில் காகிதத்தில் எழுதிப் பதிவேற்றுவதோடு, அதே விடைத்தாளைத் தபாலிலோ கூரியரிலோ கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும் என்றார்கள். (அந்தத் தேர்வை அறிவித்த தமிழக உயர்கல்வி அமைச்சரின் பெயரும் பொன்முடிதான்!) தாமதமாகப் பதிவேற்றியவர்களுக்கு ‘ஆப்சென்ட்’ போடப்பட்டது பின்னர் பத்திரிகைகளில் செய்தியானது. எழுதிய தாள் இருக்கிறது, எழுதியவனும் இருக்கிறான், பதிவேட்டில் மட்டும் அவன் தேர்வுக்கே வரவில்லை.

இது ஏதோ மலையோரத்து ஏழைகளின் கஷ்டம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 மே மாதத்தில் அமெரிக்காவில் ‘காலேஜ் போர்டு’ நடத்திய ஏ.பி. தேர்வுகளிலும் இதே கூத்து. கால்குலஸ் விடையை எழுதிவிட்டுப் படம் எடுத்து அனுப்ப 5 நிமிஷம் கொடுத்தார்கள். புதிய ஐபோன்கள் எடுக்கும் படம் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகை, தேர்வுத் தளம் அதை ஏற்கவில்லை. படம் கையில், கெடு போச்சு. ஜூனில் மறுபடி எழுதச் சொன்னார்கள், வழக்கும் வந்தது. இரண்டாம் வாரத் தேர்வுகளிலிருந்து, பதிவேற முடியாதவர்கள் இமெயிலில் அனுப்பலாம் என்று வழிவிட்டார்கள். முதல் வாரத்தில் தவறியவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

கல்லாறு போன்ற இடங்களில் பெற்றோருக்குப் புரியாத புதிர் ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் பாடம் தடையில்லாமல் கேட்கிறது, நாலு பக்கம் போக மாட்டேன் என்கிறதே! காரணம் எளிது. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. கையிலிருக்கும் போனின் சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். டவரின் குரல் மலைச் சரிவையும் மரங்களையும் தாண்டி வந்துவிடும்; போனின் குரல் அங்கே போய் எட்டாது. கம்பெனிகளும் இறங்குகிற பாதையை அகலமாகவும் ஏறுகிற பாதையைக் குறுகலாகவும் வைத்திருக்கின்றன. ஆக, வகுப்பு ஒழுங்காக நடந்தது என்பது விடைத்தாள் ஒழுங்காகப் போகும் என்பதற்குச் சாட்சியாகாது.

போய்ச் சேர்ந்தாலும் தொல்லை ஓய்வதில்லை. பென்சிலில் எழுதியது படத்தில் மங்கிவிடும். ஸ்கேன் செய்யும் ஆப், தாளை வெளுப்பாக்குகிறேன் என்று தசமப் புள்ளியையும் கழித்தல் குறியையும் சேர்த்துத் துடைத்துவிடுவது உண்டு. கணிதத்தில் ஒரு புள்ளி போனால் பத்து மடங்கு போயிற்று. தலைக்கு மேல் பல்பு எரிந்தால் போனின் நிழல் தாளிலேயே விழும். பக்கவாட்டு வெளிச்சமே நல்லது. கறுப்பு மை, ஒரு பக்கம் மட்டும் எழுத்து, ஒவ்வொரு தாளின் தலையிலும் பக்க எண் ஆகியவற்றைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் மொத்தமாகப் படம் பிடிப்பதைவிட ஒவ்வொரு கணக்கும் முடிந்தவுடன் பிடித்து வைப்பது உத்தமம். பழகிய ஆப் என்றும் நம்பியிருக்க முடியாது. பலர் கையில் இருந்த கேம்ஸ்கேனரை மத்திய அரசு 2020 ஜூன் 29-ல், தேர்வுகள் நெருங்கிய நேரத்தில், 58 சீன ஆப்களோடு தடை செய்தது.

நேரம் தளர்த்தினால் காப்பியடிப்பார்கள் என்பது தேர்வு நடத்துகிறவர்களின் பயம். அது வீண் பயமல்ல. அரை மணி கூடுதலாகக் கிடைத்தால், விட்டுப்போன கணக்கை அண்ணனிடம் கேட்டுப் போட்டுவிடுகிற சாமர்த்தியசாலிகள் எங்கும் உண்டு. அதற்காக எழுதும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும் ஒரே கெடுவில் அடைப்பது நியாயமாகாது. அப்படி அடைத்தால் டவருக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கடைசி நிமிஷம் வரை எழுதலாம். கல்லாற்றுப் பையன் இருபது நிமிஷம் முன்பே பேனாவை மூடிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே தேர்வு என்று எப்படிச் சொல்வது?

எழுத ஒரு கெடு, அனுப்ப வேறொரு கெடு. சந்தேகம் வந்தால் மறுநாள் மாணவனைப் போனில் கூப்பிட்டு, ‘மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். தபாலுக்கு நம் நாட்டில் ஒரு மரியாதை ஏற்கெனவே உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சம்மதக் கடிதத்தை ஒருவர் தபாலில் சேர்த்த கணமே அது எதிராளியைக் கட்டுப்படுத்தும். கடிதம் கைக்கு வந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. 2022-ல் மாணவர்கள் தபாலில் சேர்த்த விடைத்தாளிலும் தேதி முத்திரை இருந்தது.