எதிரில் ஆள் வேண்டும்!

மேடைப் பேச்சுப் பயிற்சி இன்று நல்ல வியாபாரம். மைசூரின் தேவராஜ மொஹல்லாவில், சயாஜி ராவ் சாலையையும் தேவராஜ அர்ஸ் சாலையையும் சுற்றி நடந்தால், துணிக்கடைகளுக்கும் செருப்புக்கடைகளுக்கும் மேலே மாடிகளில் அதற்கான பலகைகள் கண்ணில் படும். ஸ்போக்கன் இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட், இன்டர்வியூ பயிற்சி என்று இருந்த வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கேமரா முன் பேசுவது எப்படி. பெற்றோர் பணம் கட்டிச் சேர்க்கிறார்கள். பிள்ளைகளும் ஆர்வமாகத்தான் போகிறார்கள்.

இதே வட்டாரத்தில், பெரிய கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. டவுன் ஹால் என்பது ஊர்வழக்கு. முழுப் பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். 1884இல் கட்டியது. ரங்காசார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மைசூர் மறுபடி உடையார்கள் கைக்கு வந்தபோது திவானாக இருந்தவர். 1881 அக்டோபரில் தசராவை ஒட்டி மக்கள் பிரதிநிதி சபையைக் கூட்டி, வந்திருந்த 144 பேர் முன்னிலையில் அரசாங்கம் என்ன செய்தது, எவ்வளவு செலவழித்தது என்று அறிக்கை வாசித்தார். அந்தச் சபைக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் கிடையாது. இருந்தாலும் ஒரு திவான் தாலுகாக்களிலிருந்து வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

பேச்சுக்குப் பேர்போன ஊர் இது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தினார். கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூவால் அலங்கரித்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப்போனார்கள். வகுப்பறையில் நேருக்கு நேர் நின்று பேசிய பேச்சுக்குக் கிடைத்த மரியாதை அது.

முகம் தெரியாத ஆளுக்குப் பேசும் பழக்கமும் இந்த ஊரில் வேர்விட்டது. தேவராஜ மொஹல்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒண்டிக்கொப்பல். அங்கே ‘விட்டல் விஹார்’ என்ற தம் வீட்டில், 1935 செப்டம்பர் 10ஆம் தேதி, பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அவர் உளவியல்காரர், லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்துவிட்டு வந்து, மைசூரில் உளவியல் துறையை நிறுவியவர். கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரின் திறன் 30 வாட். வீட்டுக்கூடத்தில் எரியும் 60 வாட் குண்டு பல்பில் பாதி! அதை வைத்துக்கொண்டு கவிஞர்களையும் பாடகர்களையும் அழைத்து ஒலிபரப்பினார். குவெம்பு அங்கே கவிதை வாசித்திருக்கிறார். நிலையத்துக்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர். 1940களில் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு இந்திய வானொலி முழுவதற்குமே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. மனித மனத்தைப் படித்த ஒருவர் இந்த வேலையில் இறங்கியதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பேசுகிறவருக்குக் கேட்கிறவர் தெரியாமல் போனால் பேச்சு என்ன ஆகும் என்பது உளவியல் கேள்வியும்தான்.

இந்தக் கட்டுரையின் கேள்வியும் அதுதான். வானொலி, தொலைக்காட்சி, கைபேசி என்று வரிசையாகப் பார்த்தால், பேசுகிறவரின் கண்ணெதிரிலிருந்து கேட்கிறவர் படிப்படியாக நகர்ந்து போனது தெரியும். பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை யாரும் சொல்வதில்லை. அதன் விளைவை மட்டும் பாடமாக வைக்கிறார்கள்.

தமிழ் மேடைப் பேச்சின் தொடக்கத்துக்குத் தேதி குறித்தே சொல்லலாம். 1847 டிசம்பர் 31, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயில். ஆறுமுக நாவலர் அன்று மக்களைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்தார். பாதிரிமார்களின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர், அதைச் சைவத்துக்கு எடுத்தாண்டார். அறுபது ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் புரிகிற தமிழில் பேசினார்கள். கூட்டம் கூடக்கூடப் பேச்சும் மாறியது. அதற்குப் பிறகு வந்த திரு.வி.க.வோ அண்ணாவோ, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் தங்கள் நடையைத் தீட்டிக்கொண்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு விழும், எந்த வரியில் பெண்கள் பகுதி அமைதியாகும் என்பதெல்லாம் கூட்டம் கற்றுக்கொடுத்த பாடம்.

காந்தி தினமும் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியவர். டெல்லி வானொலி நிலையத்துக்குள் அவர் ஒரே ஒரு முறைதான் போனார், 1947 நவம்பர் 12ஆம் தேதி. குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளை நேரில் பார்க்க முடியாமல் போனதால் மைக்கில் பேசினார். நேரில் போக வழி இல்லாதபோது மட்டும் மைக் என்ற அந்த வரிசை இன்று தலைகீழாகிவிட்டது.

நம் நாட்டுத் தொலைக்காட்சியின் ஆரம்ப வருடங்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. 1959 செப்டம்பர் 15ஆம் தேதி டெல்லியில் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்த சோதனை ஒளிபரப்பு, தனித்தனி வீட்டுக்காரர்களை நம்பி நடந்ததல்ல. யுனெஸ்கோ உதவியோடு டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ‘டெலி-கிளப்’கள் அமைத்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். பேசியது நிலையத்துக்குத் திரும்பிப் போகும். 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பிய ‘சைட்’ திட்டத்திலும் அதே ஏற்பாடுதான். கர்நாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்களின் கிராமங்கள் அதில் இருந்தன. மாலையில் பொது இடத்தில் ஊரே கூடிப் பார்த்தது. அந்த ஆகஸ்டிலேயே சென்னைத் தொலைக்காட்சியும் வந்தது. அதன் ‘எதிரொலி’யை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேயர்கள் கடிதம் எழுதிக் குறை சொல்வார்கள். நிலையத்தார் கேமரா முன் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். மெதுவான உரையாடல்தான், ஆனால் உரையாடல்.

1982இல் கலர் வந்தது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி, 90களில் தனியார் சேனல்கள். இது வாசகர்கள் வாழ்ந்து பார்த்த கதை. கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் குடும்பமானார்கள், குடும்பம் ஆளுக்கொரு திரையானது. பேசுகிறவருக்கு எதிரில் கண்ணாடி லென்ஸ் மட்டும் மிஞ்சியது.

அந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு கருவி வந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சைப் பொறுத்தவரை கேமராவைவிட அது பெரிய மாற்றம். அதன் பெயர் டெலிப்ராம்ப்டர். வசனத்தை மனப்பாடம் செய்ய முடியாமல் திண்டாடிய நடிகர்களுக்காக அமெரிக்காவில் உருவாக்கினார்கள். 1950 டிசம்பரில் ஒரு தொடர் நாடகத்தில் முதல்முதலாகப் பயன்பட்டது. இரண்டே ஆண்டில், 1952இல், முன்னாள் ஜனாதிபதி ஹூவர் கட்சி மாநாட்டில் அதைப் பார்த்துப் பேசினார். இன்றைய ஸ்டூடியோவில் லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். கீழேயிருக்கும் திரையின் எழுத்து அதில் பிரதிபலித்து மேலே ஓடும். எழுத்தை ஓட்டுகிற ஆள் வாசிப்பவரின் வேகத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைப்பார். நமக்கோ, செய்தி வாசிப்பவர் நம் கண்ணையே பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். அவர் பார்ப்பது எழுத்தை. செய்திக்கு அது சரி. ஒரு எண் தவறினால் வம்பு. ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்து வளர்ந்த இரண்டு தலைமுறை, நல்ல பேச்சு என்றால் தடுமாறாத பேச்சு, கண்ணை எடுக்காத பேச்சு என்று மனத்தில் பதித்துக்கொண்டது. இப்போது அதே கருவி கைபேசியில் ஒரு ஆப்.

நான் பார்த்த பயிற்சி வகுப்பு ஒன்றில் கல்லூரிப் பெண் ஒருவர் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தலைப்பு, தொலைக்காட்சியின் வரலாறு. 1926இல் பேர்டு லண்டனில் செய்துகாட்டியது, 1936இல் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியது, 1959 டெல்லி என்று வருடங்கள் பிசகாமல் வந்தன. நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. ஸ்டாண்டில் நின்ற கைபேசியைப் பார்த்தே பேசினார். அறையில் இருந்த மற்ற மாணவர்கள் தங்கள் முறைக்காகத் தங்கள் கைபேசியில் மூழ்கியிருந்தார்கள். முடித்ததும் கேட்டேன்:

“யாருக்கும்மா பேசினே?”

“வீடியோவுக்கு சார். அதை அனுப்பினாப் போதும், அவங்க மார்க் போட்டுடுவாங்க.”

அவர் மேல் தவறே இல்லை. போட்டி நடத்துகிறவர்கள் கேட்பது அதைத்தான். மூன்று நிமிட வீடியோ, வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும், இரைச்சல் கூடாது. இரைச்சல் என்று அவர்கள் சொல்வது மனிதர்கள் இருப்பதன் சத்தத்தை.

தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களில் கூட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மேடைக்கு அழகு சேர்க்கத்தான் அந்தக் கூட்டம். பேச்சு விளம்பர இடைவெளிக்குத் தோதாக வெட்டுப்படுகிறது. கைதட்டலை எடிட்டிங்கில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். செய்திச் சேனல் விவாதங்களில் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கொரு சதுரத்தில், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, காதுக்குள் வரும் குரலுக்குப் பதில் கத்துகிறார்கள். எதிராளியின் முகம் சுருங்குவது தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்கள். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, விவாதம் என்றால் மூச்சுவிடாமல் பேசுவது என்று எண்ணிக்கொள்வதில் வியப்பு என்ன?

மேடையே கிடைக்காத எத்தனையோ பெண்களுக்கும் கூச்ச சுபாவக்காரர்களுக்கும் கேமராதான் வாசல் திறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. வாசல் தாண்டி உள்ளே வந்தபின் எதிரில் யாராவது இருக்க வேண்டாமா என்பதுதான் என் கவலை.

மைசூரிலேயே, மானசகங்கோத்ரி வளாகத்தில், அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. 1965இல் தொடங்கியது. பெயரிலேயே பேச்சையும் கேட்டலையும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். திக்குவாய்க்குப் பயிற்சி தருகிற நிபுணர்கள் எங்கும் கடைப்பிடிக்கிற முறை ஒன்று உண்டு. சிகிச்சை அறைக்குள் ஒருவர் சரளமாகப் பேசிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ண மாட்டார்கள். கடையில் போய் விலை கேட்கச் சொல்வார்கள், முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கச் சொல்வார்கள், தொலைபேசியில் பேசச் சொல்வார்கள். அறைக்குள் வந்த பேச்சு தெருவில் நிற்கிறதா என்பதுதான் தேர்வு. பேச்சில் குறையே இல்லாத நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வை நாம் வைப்பதில்லை.

அந்தத் தெருவைத் தேடி அலையவும் வேண்டாம். பயிற்சி வகுப்பின் படியிறங்கினால் தேவராஜ மார்க்கெட். மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரஸபாளே வாழைப்பழம், குங்குமக் குவியல் எல்லாம் அங்கே. பூக்கடை ஒன்றின் எதிரில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வருகிறவரின் நடையையும் உடையையும் பார்த்துக் கடைக்காரர் கன்னடத்தில் தொடங்குவார். முகத்தில் புரியாத பாவம் தெரிந்தால் தமிழுக்கோ உருதுவுக்கோ இந்திக்கோ தாவுவார். கை பூவை அளந்துகொண்டே இருக்கும், கண் மட்டும் வாங்குபவரைவிட்டு நகராது. விலையைச் சொல்லும்போது புருவம் உயர்ந்தால் அடுத்த வாக்கியத்தில் குரல் இறங்கும். ஆள் நகர முற்பட்டால் ஒரு பெயர்ச்சொல், ‘அம்மா’ அல்லது ‘அக்கா’, அவரை நிறுத்திவிடும். எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தராத பேச்சுக்கலை. மாதக் கட்டணமும் இல்லை.

பயிற்சி வகுப்புகளை மூடச் சொல்லவில்லை. கேமரா முன் பேசவும் தெரிந்திருக்க வேண்டிய காலம் இது. வேலைக்கான நேர்காணலே திரையில் நடக்கிறது. ஆனால் வரிசை மாறக் கூடாது. பத்துப் பேர் முன்னால் நின்று, ஒருவர் கொட்டாவி விடுவதைக் கண்டு வாக்கியத்தை மாற்றத் தெரிந்த பிள்ளை, நாளை லென்ஸின் பின்னாலும் அந்த ஆளைக் கற்பனை செய்துகொள்ளும். முதலிலிருந்தே லென்ஸை மட்டும் பார்த்த பிள்ளைக்குக் கற்பனை செய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

பள்ளிகளும் கல்லூரிகளும் போட்டிகளை மறுபடி மேடைக்குக் கொண்டுவர வேண்டும். வீடியோ வாங்கி மார்க் போடுவது நடத்துகிறவர்களுக்கு வசதி, பேசுகிறவருக்கு நஷ்டம். ஊர் மண்டபங்களை மாதம் ஒரு மாலையாவது மாணவர் பேச்சுக்கென்று வாடகையில்லாமல் திறந்துவிட்டால் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ பெரிய செலவு வந்துவிடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளையைப் பேச்சு வகுப்பில் சேர்ப்பதற்கு முன், அவர்கள் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: “வாரத்தில் எத்தனை நாள் என் பிள்ளை மனிதர்கள் முன்னால் நின்று பேசும்? அதைக் கேட்க எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்?” பதில் சொல்லத் தயங்கினால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.