சொந்த ஊரில் வீடு கேட்டார்கள்!

"ஏழைகள் இந்த ஊரில் குடியிருக்கக் கூடாது" என்று சட்டம் போட முடியுமா?

முடியாது. அப்படி எழுதினால் எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது.

ஆனால், "இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அரை ஏக்கர் மனையில்தான் கட்ட வேண்டும்" என்று சட்டம் போடலாம். அதில் ஏழை என்ற சொல்லே வராது. ஆனாலும் ஏழை உள்ளே வர முடியாது!

அமெரிக்காவில் ஒரு சிற்றூர் இப்படித்தான் செய்தது. அந்த ஊரின் பெயர் மவுண்ட் லாரல். நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. பிலடெல்பியா நகருக்குப் போகும் பெரிய பாலம் அங்கிருந்து பத்து மைல்தான்.

அந்த ஊரைச் சேர்ந்த ஒரு கறுப்பர் இனப் பெண்மணி, "இது நியாயமா?" என்று கேட்டார். அவர் பெயர் எதெல் லாரன்ஸ். அவர் தொடுத்த வழக்கு அந்த ஊரோடு நிற்கவில்லை. மாநிலம் முழுவதையும் உலுக்கியது.

கோழிக் கொட்டகையில் குடித்தனம்

1950-ம் ஆண்டில் மவுண்ட் லாரலின் ஜனத்தொகை 2,817. பரப்போ 22 சதுர மைல். எங்கு பார்த்தாலும் வயலும் தோட்டமும்தான்.

அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்த கறுப்பர்களுக்கு அந்த வட்டாரம் ஒரு காலத்தில் அடைக்கலம் கொடுத்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் வாழ்ந்தார்கள். பண்ணைகளில் உழைத்தார்கள். எதெல் லாரன்ஸ் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வேர் விட்ட குடும்பம்.

பிறகு பெரிய சாலைகள் வந்தன. நகரத்திலிருந்து வசதியுள்ளவர்கள் வந்து வீடு கட்டினார்கள். 1970-ம் ஆண்டில் ஜனத்தொகை 11,221 ஆயிற்று. இருபது ஆண்டுகளில் நான்கு மடங்கு!

மனை விலை ஏறியது. ஸ்பிரிங்வில் மக்களின் நிலை மட்டும் உயரவில்லை. கோழி வளர்த்த கொட்டகைகளைத் திருத்தி, அவற்றில் சிலர் குடித்தனம் செய்தார்கள். குடியிருக்கத் தகுதியில்லை என்று அதிகாரிகள் சில வீடுகளை மூடினார்கள். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டால், கேம்டன் போன்ற நெரிசல் மிக்க நகரங்களுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

நிறம் தீட்டிய வரைபடம்

அமெரிக்க ஊர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் வரைபடத்தை எடுத்து அதைப் பல மண்டலங்களாகப் பிரிப்பார்கள். இங்கே வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை என்று குறிப்பார்கள். மனை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுவார்கள்.

இதைக் கவனிக்க ஒரு திட்டக் குழு இருக்கும். "பிளானிங் போர்டு" என்று சொல்வார்கள். நியூ ஜெர்சியில் இதில் 7 அல்லது 9 பேர். ஊர்த் தலைவரும் சபை உறுப்பினர் ஒருவரும் இருப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஊர்க்காரர்கள்தான். யாராவது புதிதாகக் குடியிருப்பு கட்ட வேண்டுமானால், அந்தக் குழுவின் முன் வரைபடத்தை வைக்க வேண்டும். ஊர் மக்கள் கூட்டத்துக்கு வந்து ஆட்சேபம் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டில் நன்மை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புகை கக்கும் ஆலை வராமல் தடுக்கலாம். ஆனால் அதே பேனாவால் வேறு வேலையும் செய்யலாம்!

மவுண்ட் லாரல் 1964-ம் ஆண்டில் போட்ட சட்டத்தைப் பாருங்கள்.

குடியிருப்புப் பகுதிகளில் ஒரு மனைக்கு ஒரே வீடு. ஒட்டி ஒட்டிக் கட்டும் வீடுகள் கூடாது. அடுக்கு வீடுகள் கூடாது.

ஊரின் பெரும்பகுதியில் ஒரு மனை குறைந்தது 20 ஆயிரம் சதுர அடி இருக்க வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 46 சென்ட்! மனையின் அகலம் 100 அடி. வீடு 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது.

"எனக்குச் சிறிய வீடு போதும்" என்று ஒருவர் சொன்னாலும் கட்ட முடியாது. அது சட்டவிரோதம்.

சரி, ஊரில் இடம் இல்லையா? தாராளமாக இருந்தது. தொழிற்சாலைகளுக்கு என்று 4,121 ஏக்கர் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதில் 100 ஏக்கர்கூட நிரம்பவில்லை.

குழந்தைக்கும் கட்டுப்பாடு

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஊர்க்காரர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்களா?

அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது.

அங்கே பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதி ஊராரின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. பெரிய வீடு என்றால் வரி அதிகம். சிறிய வீடு என்றால் வரி குறைவு. ஆனால் சிறிய வீட்டிலிருந்தும் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். அந்தச் செலவு மற்றவர்கள் தலையில் விழும். தொழிற்சாலையோ வரி கட்டும். ஆனால் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது!

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா?

1967-ம் ஆண்டில் பெரிய கட்டடக் கம்பெனிகள் அடுக்கு வீடு கட்ட ஒரு வழி திறந்தார்கள். ஆனால் நிபந்தனை போட்டார்கள். ஒரே படுக்கை அறை உள்ள வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை இருக்கக் கூடாது. இரண்டு படுக்கை அறை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. பத்து வீட்டுக்கு மூன்று பிள்ளைகள் என்ற கணக்கைத் தாண்டினால், அதிகப்படி பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கம்பெனியே கொடுக்க வேண்டும்.

குழந்தையை ஊருக்குச் சொத்தாக அல்ல, செலவாக எண்ணிய சட்டம் அது!

"சரி" என்று சொல்லி மறுத்தார்கள்

ஸ்பிரிங்வில் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு தொண்டு அமைப்பாகச் சேர்ந்தார்கள். அரசாங்க உதவியுடன் 36 சிறு வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கு ஊர்ச் சபையின் சம்மதம் வேண்டும். 1968-ம் ஆண்டில் மனுப் போட்டார்கள்.

சபை என்ன செய்தது? இத்தகைய வீடுகள் தேவைதான் என்று தீர்மானம் போட்டது! ஆனால் அதே தீர்மானத்தில், வீடுகள் ஊரின் மனைச் சட்டப்படி கட்டப்பட வேண்டும் என்றும் சேர்த்தது. அதாவது, வீட்டுக்கு 20 ஆயிரம் சதுர அடி மனை. ஏழைகளுக்குக் கட்டும் வீட்டுக்கு அரை ஏக்கர் எங்கே போவது? திட்டம் படுத்துவிட்டது.

1970-ம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறுப்பர்களின் சிறு தேவாலயத்துக்கு ஊர்த் தலைவர் வந்தார். நல்ல செய்தி சொல்வார் என்று மக்கள் காத்திருந்தார்கள். இந்த ஊரில் வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற கருத்தில் அவர் பேசிவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில் எதெல் லாரன்ஸ் அம்மையாரும் இருந்தார். அவர் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. அரசியல் அறியாதவர். "எங்கள் ஊரிலிருந்து எங்களையே போகச் சொல்வதா?" என்பதுதான் அன்று எழுந்த கேள்வி.

படி ஏறினார்

பக்கத்து நகரமான கேம்டனில், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் இளம் வக்கீல்கள் சிலர் இருந்தார்கள். பீட்டர் ஓ'கானர் அவர்களில் ஒருவர். 1971-ம் ஆண்டில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எதெல் அம்மையார் முன்னின்றார். மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை.

1972-ல் கீழ்க் கோர்ட்டு மக்கள் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஊர்ச் சபை அப்பீல் செய்தது.

1975-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, நியூ ஜெர்சி மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. எழுதியவர் நீதிபதி ஃபிரடெரிக் ஹால். அதன் சாரம் இதுதான்:

நிலத்தைப் பிரித்து ஒதுக்கும் அதிகாரம் ஊர்ச் சபைக்குப் பிறவியில் வந்ததல்ல, மாநிலம் கொடுத்தது. எனவே அது பொது நன்மைக்கே பயன்பட வேண்டும். பொது நன்மை என்றால் ஊர் எல்லைக்குள் இருப்பவர்களின் நன்மை மட்டுமல்ல. அந்த வட்டாரத்தில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தேவையான வீடுகளில் நியாயமான பங்குக்கு, வளரும் ஊர் ஒவ்வொன்றும் இடம் கொடுக்க வேண்டும்.

வெற்றி! ஆனால் வீடு வந்ததா?

20 ஏக்கர் சலுகை

கோர்ட்டு உத்தரவுக்குப் பணிந்து, ஊர்ச் சபை சட்டத்தைத் திருத்தியது. 14 ஆயிரம் ஏக்கர் ஊரில் ஏழைகளுக்கு ஒதுக்கியது 20 ஏக்கர்!

அதுவும் எப்படிப்பட்ட இடம்? அதில் ஒரு துண்டைச் சுற்றி முழுவதும் தொழிற்சாலை மண்டலம். போக வர வழியில்லை. அருகில் குடிநீர்க் குழாய் இல்லை, சாக்கடை இல்லை. மழை பெய்தால் வெள்ளம் வரக்கூடும்.

மீண்டும் கோர்ட்டு. இம்முறை வேறு ஊர்களின் வழக்குகளும் சேர்ந்தன. 1983-ம் ஆண்டு ஜனவரியில், தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் கடுமையான தீர்ப்பு எழுதினார். நிபுணர்களைக் கூலிக்கு அமர்த்தி எத்தனை காகிதம் ஒட்டினாலும், ஏழையை விலக்கும் நோக்கம் மறையவில்லை என்று சாடினார். ஓர் ஊர் தன் பங்கைச் செய்யாவிட்டால் கட்டடக் கம்பெனியே கோர்ட்டுக்கு வரலாம். ஏழைகளுக்காக ஐந்தில் ஒரு பங்கு வீடாவது ஒதுக்கினால், அடுக்கு வீடு கட்ட அனுமதி பெறலாம் என்று வழி காட்டினார்.

ஊர்கள் அலறின. 1985-ல் மாநில அரசாங்கம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வோர் ஊருக்கும் பங்கு நிர்ணயிக்கப்பட்டது. அதிலும் ஒரு சந்து இருந்தது. பணக்கார ஊர் தன் பங்கில் பாதி வரை, காசு கொடுத்து வேறு ஊரிடம் தள்ளிவிடலாம்! இந்தச் சந்து 2008-ல்தான் அடைபட்டது.

அவர் பெயரில் 140 வீடுகள்

எதெல் லாரன்ஸ் அம்மையார் 1994-ம் ஆண்டில் காலமானார். அதுவரை மவுண்ட் லாரலில் அவர் கேட்ட வீடுகளுக்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

வக்கீல் ஓ'கானர் விடவில்லை. நிலம் வாங்கி, வரைபடம் தயாரித்து, ஊர்த் திட்டக் குழுவின் முன் வைத்தார். கூட்டங்களுக்கு ஊரே திரண்டு வந்தது. திருட்டுப் பெருகும், வரி ஏறும், எங்கள் வீட்டு விலை விழும் என்று பலர் ஆட்சேபித்தார்கள். 1997-ம் ஆண்டில் திட்டக் குழு அனுமதி கொடுத்தது.

2000-ம் ஆண்டு இறுதியில் முதல் குடும்பங்கள் குடியேறின. மொத்தம் 140 வீடுகள். குடியிருப்பின் பெயர்: எதெல் லாரன்ஸ் இல்லங்கள்.

ஊரார் பயந்தது நடந்ததா? பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தின் டக்ளஸ் மாசியும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து, 2013-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த வீடுகளால் குற்றம் பெருகவில்லை. வரி ஏறவில்லை. வீட்டு விலை விழவில்லை. அங்கே குடிவந்தவர்களோ, இடம் கேட்டுக் காத்திருந்தவர்களைவிட நல்ல நிலைக்கு உயர்ந்திருந்தார்கள்.

நியூ ஜெர்சியில் சச்சரவு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம், ஊர்களின் பங்கை நிர்ணயிக்கப் புதிய சட்டம் வந்தது. அதை எதிர்த்துச் சில ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின. ஆனால், ஏழைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற கடமை மட்டும் நிலைத்துவிட்டது. சட்டம் படிப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், "மவுண்ட் லாரல் கொள்கை". எந்த ஊர் தன் மக்களைப் போகச் சொன்னதோ, அந்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது!

நூறு அடி அகலம், 20 ஆயிரம் சதுர அடி என்பவை பார்வைக்கு வெறும் அளவுகள்தான். அந்த அளவு யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். பதில் கிடைக்க 30 ஆண்டு பிடித்தது.